காசோலைக்கு முன்னால் பொக்லைன் வரட்டும்

2024 மே 24, பப்புவா நியூ கினியின் எங்கா மாகாணம். விடியற்காலை மூன்று மணி வாக்கில் மலை சரிந்து யாம்பாலி கிராமத்தை மூடிவிட்டது. ஊரே தூக்கத்தில் இருந்த நேரம். மண்ணுக்கு அடியில் எத்தனை பேர் என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஐ.நா.வின் இடம்பெயர்வு அமைப்பு சுமார் 670 பேர் என்று கணித்தது, அந்நாட்டு அரசு 2,000 பேருக்கும் மேல் என்றது. தப்பித்தவர்கள் மண்வெட்டியாலும் குச்சியாலும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். முதல் பொக்லைன் வந்தது மூன்றாம் நாள். கொடுத்தவர் உள்ளூரில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒருவர்.

அந்தச் சாலையில் இன்னும் மேலே போனால் போர்கெரா தங்கச் சுரங்கம். சரிந்த மண் அந்தச் சாலையையும் அடைத்துவிட்டது. அதனால் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பேரிடர் நேரத்தில் ஒரு பெரிய சுரங்க நிறுவனம் மக்களுக்கு என்ன செய்ய முடியும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராமம்தான் நினைவுக்கு வருகிறது.

நிறுவனங்கள் நிதி கொடுக்கின்றன, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வங்கியும் கொடுக்கும், சோப்புக் கம்பெனியும் கொடுக்கும். மண்ணைப் பற்றிய அறிவும், அதைத் தோண்டும் கையும் சுரங்கக்காரர்களிடம்தான் இருக்கின்றன. பொக்லைன், புல்டோசர், ஜெனரேட்டர், இரவில் வேலை செய்ய விளக்குக் கம்பம், மருத்துவர், பயிற்சி பெற்ற மீட்புக் குழு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு சரிவு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்தால்கூடக் காட்டிக் கொடுக்கும் ரேடார். திறந்தவெளிச் சுரங்கங்களில் சுவர் இடிந்து விழாமல் இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். யாம்பாலியில் மலை சரிந்த பிறகும் மண் நகர்ந்துகொண்டே இருந்தது. தோண்டுகிறவர்களுக்கு "இப்போது வெளியே வா" என்று சொல்ல ஒரு கருவி இருந்தால் அதன் மதிப்பை எந்தக் காசோலையில் எழுதுவது?

2010-இல் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் 69 நாள் சிக்கியிருந்தது நினைவிருக்கும். அது இயற்கைப் பேரிடர் இல்லை, சுரங்க விபத்து. சரி, இருந்தாலும் பாருங்கள். மீட்புப் பணியை நடத்திய பொறியாளர் வேறொரு பெரிய தாமிரச் சுரங்கத்திலிருந்து வந்தவர். கடைசியில் அவர்களை எட்டிய துளையைப் போட்ட இயந்திரம் கொயாவாசி என்ற இன்னொரு சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி அனுப்பி வைத்தார்கள். கொடுத்தார்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் சுரங்கத்தில் இருப்பதெல்லாம் ஊருக்கு உதவாது. 300 டன் சுமக்கும் டம்பரைக் கிராமத்துப் பாலம் தாங்காது. தூசி அடங்க நீர் தெளிக்கும் டேங்கரில் குடிதண்ணீர் கொண்டுவர முடியாது, தொட்டி அதற்கு ஏற்றதல்ல. எது நகரும், எது நகராது, எதைக் கழுவி மாற்ற எத்தனை நாள் என்பதையெல்லாம் வெள்ளம் வந்த அன்று உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்காது.

அப்புறம், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். யாம்பாலியில் இயந்திரம் வந்த பிறகும் ஊர்க்காரர்கள் ஒரே மனதாக இல்லை. பொக்லைன் இறங்கினால் உள்ளே இருக்கும் உடல்கள் சிதைந்துவிடுமே என்று சிலர் பயந்தார்கள். சொந்தத் தம்பி மண்ணுக்குள் கிடக்கும்போது ஒருவர் அப்படித்தான் நினைப்பார். அந்த இடத்தில் நிறுவனத்தின் சட்டை போட்ட ஆள் ஒருவர் வந்து "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சாவியைத் திருகினால் அது உதவியா? முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார வேண்டும். எங்கே தோண்டலாம், எங்கே விட்டுவிடலாம் என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

2019–20 காட்டுத்தீயின்போது ஆஸ்திரேலியாவில், இரும்புத்தாதுச் சுரங்க அதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட்டின் மிண்டரூ அறக்கட்டளை 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. அதில் 5 கோடி நீண்டகாலத் தீத்தடுப்புத் திட்டத்துக்கு. தொகையைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வீடு எரிந்துபோனவர்களுக்கு அந்த அறக்கட்டளையும் மாநில அரசும் சேர்ந்து சின்னச் சின்னத் தற்காலிக அறைகளைக் கொடுத்தன. அவற்றை முகாமில் வரிசையாக வைக்கவில்லை, அவரவர் நிலத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு, வேலியைச் சரிசெய்துகொண்டு, அங்கேயே இருந்து வீட்டைக் கட்டலாம். இதை யோசித்தவருக்கு வீடு இழப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பிரேசிலில் 2015-இல் மரியானாவில் 19 பேரும், 2019-இல் புருமாடின்யோவில் 270 பேரும் இறந்தது சுரங்கக் கழிவு அணைகள் உடைந்ததால். அதற்குச் சுரங்க நிறுவனம் கொடுக்கும் பணம் கடன் தீர்ப்பது. அதை நிவாரணம் என்று யாரும் எழுத வேண்டாம். அதேபோல, வெள்ளத்தில் அரிசி கொடுத்துவிட்டு அடுத்த மாதம் சுரங்க விரிவாக்கத்துக்குக் கையெழுத்துக் கேட்பதும் கூடாது. பசித்தவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு சுரங்கமும் தன்னிடம் இருக்கும் இயந்திரங்களில் ஊருக்கு இறக்கக்கூடியவை எவை, ஓட்டும் ஆபரேட்டர் யார், இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு தாள் எழுதி, சுற்றியுள்ள ஊர்களிலும் தீயணைப்பு நிலையத்திலும் இன்றைக்கே கொடுக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை யாராவது கூப்பிட்டுப் பார்க்கட்டும், எடுக்கிறார்களா என்று.