'டாங்க்' நம்முடைய 'தாங்கி' இல்லை

ஆங்கிலச் சொல்லான 'டாங்க்' தமிழ் 'தாங்கி'யிலிருந்து போனது என்று வன்னி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரணைமடுக் குளத்தை ஆங்கிலத்தில் 'இரணைமடு டாங்க்' என்று எழுதுவதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒலி ஒத்துப்போகிறது, ஆனால் தகவல் பிழை. குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லையும், குளத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லையுமே அகராதிகள் இதன் வேர்ச்சொற்களாகக் காட்டுகின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் நீங்களே பார்க்கலாம். போர் டாங்கிக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது: 1915இல் பிரித்தானியர் அதை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தார்கள். கட்டுமரமும் சுருட்டும் உண்மையாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுங்கள். அந்த 'தாங்கி' வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.