சனிக்கிழமை வெயில் அடித்தது, அதனால் என்ன?

அமெரிக்காவில் புயலால் ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டம் தள்ளிப்போனால் போதும், 2016ஆம் ஆண்டின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் - லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யூ.) பஞ்சாயத்தை யாராவது தூசி தட்டி எடுத்து வந்துவிடுவார். மேத்யூ புயல் வருகிறது என்று ஃபுளோரிடாவின் சொந்த ஊரான கெய்ன்ஸ்வில்லில் நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் வந்த பஞ்சாயத்து அது. என் அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்பவர் ஒரு லூசியானாக்காரர். மற்ற எல்லா விஷயத்திலும் தங்கமான மனிதர். இதில் மட்டும் அவரிடம் நியாயம் பேச முடியாது. "அன்று கெய்ன்ஸ்வில்லில் வெயில் அடித்தது, ஃபுளோரிடா தோல்விக்குப் பயந்து புயலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது" என்பது அவருடைய தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

நான் வாழ்வது ஜார்ஜியாவில். இங்கே ஃபுளோரிடா அணிக்காகப் பரிந்து பேசுபவனைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இருந்தும் சொல்கிறேன்: ஆட்டத்தைத் தள்ளிவைத்தது சரி. அதற்குப் பிறகு புதுத் தேதிக்காக இரண்டு பல்கலைக்கழகங்களும் அடித்துக்கொண்ட விதம்தான் கேவலம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இங்கே கால்பந்து என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதிலும் தென்மாநிலங்களில் கல்லூரி ஆட்டத்துக்கு இருக்கும் வெறி தொழில்முறை ஆட்டத்துக்குக்கூடக் கிடையாது. கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழக மைதானத்தில் 88,000 பேருக்கு மேல் உட்காரலாம். பேட்டன் ரூஜில் உள்ள எல்.எஸ்.யூ.வின் மைதானம் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள். 2016இல் அதில் எட்டு, இந்த இரண்டு அணிகளும் இருக்கும் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புக்கு உள்ளேயே. சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் வருமானம். ஊரில் உள்ள ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அது தீபாவளி. அதனால் சொந்த மைதான ஆட்டத்தை விட்டுக்கொடு என்றால் ஒருவரும் மனமுவந்து கொடுக்க மாட்டார்கள்.

2016 அக்டோபர் 8, சனிக்கிழமை. எல்.எஸ்.யூ. அணி கெய்ன்ஸ்வில்லுக்கு வந்து ஆட வேண்டும். அந்த வாரம் மேத்யூ புயல் ஹைட்டியில் கரையேறி நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்துவிட்டு, பஹாமாஸ் வழியாக ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. புயலின் கண் கரையேறாமல் கடலிலேயே வடக்கே நகர்ந்து, சனிக்கிழமை தென் கரோலினாவில் வலுவிழந்து கரை தொட்டது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கெய்ன்ஸ்வில்லுக்குப் பெரிய சேதம் இல்லை. உடனே கேலி ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை வானத்தைப் பார்த்து வியாழக்கிழமை முடிவுக்கு மதிப்பெண் போடுவது என்ன நியாயம்? வியாழக்கிழமை கையில் இருந்தது கணிப்பு மட்டும்தான். புயலின் பாதை கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தாலும் கதை வேறு. ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 15 லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லியிருந்தார்கள். கிழக்குக் கரையிலிருந்து கிளம்பியவர்கள் எங்கே போவார்கள்? உள்நாட்டுக்குத்தான். கெய்ன்ஸ்வில் அப்படிப்பட்ட ஊர். அதே வார இறுதியில் கிட்டத்தட்ட 90,000 பேரை ஆட்டம் பார்க்க அதே ஊருக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டும்.

இந்த இடத்தைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆட்டம் நடத்த மைதானத்தில் மழை இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் போலீசார் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்த நெடுஞ்சாலை ரோந்துப் படை வேண்டும். அந்த வாரம் இவர்கள் எல்லோருக்கும் கடற்கரையில் வேலை இருந்தது. மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அவற்றைச் சரிசெய்ய வெளியூர்களிலிருந்து வரும் பணியாளர்களுக்கும் படுக்க ஓர் அறை வேண்டும். குழந்தைகளோடு காரில் வந்து இறங்கிய குடும்பத்திடம், "மன்னிக்கவும், இந்த அறையை ஆட்டம் பார்க்க வரும் விசிறி ஒருவர் ஜூன் மாதமே பதிவு செய்துவிட்டார்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

விளையாடும் பையன்களையும் மறந்துவிடுகிறோம். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. அன்றைய விதிப்படி சம்பளம்கூடக் கிடையாது, உதவித்தொகை மட்டும்தான். ஃபுளோரிடா அணியில் அந்த மாநிலத்துப் பையன்கள்தான் அதிகம். அம்மா வீட்டை மூடிவிட்டுக் கிளம்பினாளா என்று தெரியாத நிலையில், 'மனதை ஆட்டத்தில் வை' என்று பயிற்சியாளர் சொன்னால் வைத்துவிட முடியுமா?

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே வார இறுதியில் எங்கள் ஜார்ஜியா அணி தென் கரோலினாவின் கொலம்பியாவில் ஆட வேண்டியிருந்தது. அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டு ஒழுங்காக நடந்து முடிந்தது. ஜார்ஜியா 28-14 என்று வென்றது (இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை). கொலம்பியாவில் முடிந்தது கெய்ன்ஸ்வில்லில் ஏன் முடியவில்லை? ஜார்ஜியா அணியின் ஊரான ஏதென்ஸிலிருந்து கொலம்பியாவுக்குச் சில மணி நேர பஸ் பயணம் என்பது ஒரு வசதி. இருந்தாலும் ஞாயிறு, திங்கள் என்ற யோசனைகளை ஃபுளோரிடா இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பரிசீலித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். எல்.எஸ்.யூ. ஆட்டத்தை பேட்டன் ரூஜுக்கே மாற்றலாம் என்றும் கேட்டது. ஃபுளோரிடா ஏற்கவில்லை. ஊரே புயலை எதிர்பார்த்துக் கிடக்கும்போது அணியை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனிமேல்தான் அசிங்கம் ஆரம்பிக்கிறது.

பருவ நடுவில் ஒவ்வோர் அணிக்கும் ஓய்வு வாரம் ஒன்று உண்டு. ஃபுளோரிடாவுக்கு அது அக்டோபர் 22. எல்.எஸ்.யூ.வுக்கு அக்டோபர் 29. ஒரே ஒரு வாரம் தவறிப்போயிற்று. மிஞ்சியது நவம்பர் 19. அன்று ஃபுளோரிடா தன் ஊரில் பிரெஸ்பிட்டீரியன் கல்லூரியோடும், எல்.எஸ்.யூ. தன் ஊரில் தென் அலபாமா பல்கலைக்கழகத்தோடும் ஆட வேண்டும். இரண்டுமே கான்ஃபரன்ஸுக்கு வெளியே, பணம் கொடுத்து வரவழைத்து வெல்லும் ஆட்டங்கள். அவற்றை ரத்து செய்துவிட்டு ஃபுளோரிடாவும் எல்.எஸ்.யூ.வும் மோதலாம். சரி, எந்த ஊரில்?

ஃபுளோரிடா சொன்னது: அது எங்கள் ஊர் ஆட்டம், புயல் வந்தது எங்கள் குற்றமா? எல்.எஸ்.யூ. சொன்னது: நாங்கள் நவம்பர் 12 ஆர்கன்சாவில் ஆடுகிறோம், 24ஆம் தேதி நன்றி தெரிவிக்கும் நாளில் டெக்சஸில் ஆடுகிறோம், நடுவில் கெய்ன்ஸ்வில்லுக்கும் வந்தால் தொடர்ந்து மூன்று வெளியூர் ஆட்டம், கடைசி இரண்டுக்கும் நடுவே ஐந்தே நாள், போதாக்குறைக்கு உள்ளூரில் ஒரு வருமானமும் போகும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நியாயம். ஆனால் இரண்டு தரப்பும் தங்கள் நியாயத்தைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்காமல் பத்திரிகைகளில் வைத்தன. ஹைட்டியில் பிணங்களை எண்ணி முடிக்கவில்லை, வட கரோலினாவின் லம்பர்ட்டனில் தெருக்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தன, இங்கே இரண்டு விளையாட்டு இயக்குநர்கள் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. அப்போது கான்ஃபரன்ஸில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவுகள். அவற்றை வெல்லும் அணிகள் இறுதிப் போட்டியில் மோதும். ஃபுளோரிடா ஏழே கான்ஃபரன்ஸ் ஆட்டங்களோடு பருவத்தை முடித்தால், வெற்றி விகிதத்தில் டென்னசியைத் தாண்டிக் கிழக்குப் பிரிவை வென்றுவிடும் வாய்ப்பு இருந்தது. டென்னசியோ செப்டம்பரில் ஃபுளோரிடாவை நேருக்கு நேர் 38-28 என்று தோற்கடித்திருந்தது. ஆட்டம் நடக்காமலே போனால் யாருக்கு லாபம் என்று ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்தபோதுதான் கான்ஃபரன்ஸ் விழித்துக்கொண்டது. எட்டு ஆட்டங்களையும் ஆடும் அணிக்குத்தான் இறுதிப் போட்டிக்குத் தகுதி என்று அறிவித்தது. நல்ல விதி. இதை எழுத ஒரு புயல் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

கடைசியில் ஃபுளோரிடா இறங்கிவந்தது. நவம்பர் 19 ஆட்டம் பேட்டன் ரூஜில். பதிலாக 2017, 2018 இரண்டு ஆண்டும் எல்.எஸ்.யூ. கெய்ன்ஸ்வில்லுக்கு வர வேண்டும். பயந்து ஓடியது என்று கேலி செய்யப்பட்ட அணி, ஒரு லட்சம் பேர் ஊளையிடும் எதிரி மைதானத்துக்குப் போய் 16-10 என்று வென்றது. ஃபுளோரிடா தன் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து வீசிய ஒரே பந்து 98 கெஜம் போய் டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி, ஆனது. கடைசி நொடிகளில் எல்.எஸ்.யூ. அணி ஃபுளோரிடாவின் கோட்டுக்கு ஒரு கெஜம் தள்ளி நின்றது. ஓடிவந்தவரை அங்கேயே மடக்கிவிட்டார்கள். கிழக்குப் பிரிவும் ஃபுளோரிடாவுக்கே. (இறுதிப் போட்டியில் அலபாமா அவர்களை 54-16 என்று துவைத்துக் காயப்போட்டது வேறு கதை.) அலுவலக நண்பர் இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அவரை ஒரேயடியாக மட்டம் தட்டவும் எனக்கு விருப்பமில்லை. புயலைப் பற்றி லூசியானாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2016 ஆகஸ்டில்தான் பேட்டன் ரூஜ் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. 2005இல் கத்ரீனா வந்தபோது எல்.எஸ்.யூ. கூடைப்பந்து அரங்கம் மருத்துவமனையாகவே மாறியது. பேட்டன் ரூஜில் நடக்க வேண்டிய அரிசோனா ஸ்டேட் ஆட்டத்தை அரிசோனாவிலேயே போய் ஆடினார்கள். அடுத்து ரீட்டா புயல் வந்து டென்னசி ஆட்டம் சனியிலிருந்து திங்களுக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸின் டூலேன் அணியோ அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களையும் 11 வெவ்வேறு மைதானங்களில் ஆடியது. சொந்த ஊர் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று பட்டு அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து 2016இல் இன்னும் கொஞ்சம் பெருந்தன்மையை எதிர்பார்த்தேன் என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் பெரியவர்கள் சண்டையில் காணாமல் போனவர்கள் பிரெஸ்பிட்டீரியனும் தென் அலபாமாவும். சின்ன அணிகளுக்கு இப்படிப் பெரிய மைதானத்தில் ஆடும் ஒரு நாள், ஆண்டு முழுவதற்குமான செலவுக்குக் கைகொடுப்பது. அந்தப் பையன்கள் பேரனுக்குச் சொல்லும் நாள். இழப்பீடு கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள். கழற்றிவிடப்பட்ட இரண்டு அணிகளும் நவம்பர் 19 அன்று தென் அலபாமாவின் ஊரான மொபீலில் ஒன்றோடொன்று ஆடிக்கொண்டன. பெரிய இடத்தில் நாள்கணக்கில் இழுக்கும் பிரச்சினை சின்ன இடத்தில் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடுகிறது.

தேதியே கிடைக்கவில்லை என்ற பேச்சை நான் நம்பாததற்குக் காரணம் 2017. இர்மா புயலால் ஃபுளோரிடா ஸ்டேட் (இது அதே மாநிலத்தின் வேறொரு பல்கலைக்கழகம்) - லூசியானா மன்ரோ ஆட்டம் ரத்தானது. நவம்பர் கடைசியில் ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்து வெற்றிகளோடு நின்றது. பருவ முடிவில் நடக்கும் பௌல் என்ற கௌரவ ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வேண்டும். 1982 முதல் அதுவரை விடாமல் பௌல் ஆடிவந்த அணி அது. ரத்தான ஆட்டத்துக்கு டிசம்பர் 2 என்று ஒரு தேதி முளைத்திருந்தது. ஆடினார்கள், 42-10 என்று வென்றார்கள், சாதனை நீடித்தது. அதே இர்மாவுக்காக மயாமி அணி ஆர்கன்சா ஸ்டேட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது. அந்த ஆட்டத்துக்கு மட்டும் தேதி முளைக்கவே இல்லை. 6,50,000 டாலர் இழப்பீடு கேட்டு ஆர்கன்சா ஸ்டேட் நீதிமன்றத்துக்குப் போனது. தேதி யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைக்கிறது.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கால்பந்துப் பருவம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடக்கம். இது யாருக்கும் புதிதல்ல. கடலோர மாநிலங்களின் அணிகள் ஒன்றோடொன்று ஆடும் ஆண்டில் அவற்றின் ஓய்வு வாரங்களை ஒரே வாரத்தில் வைக்கட்டும். புயலால் சொந்த ஊர் ஆட்டத்தை இழக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு அது தானாகத் திரும்பக் கிடைக்கும் என்று மே மாதமே எழுதிவைக்கட்டும். எந்த நாள், எந்த ஊர் என்ற முடிவு கான்ஃபரன்ஸ் ஆணையர் கையில் இருக்கட்டும். டிக்கெட் பணத்தை எண்ணும் இரண்டு இயக்குநர்கள் கையில் வேண்டாம். இழப்பீட்டுத் தொகையைச் சென்ட் வரை எழுதத் தெரிந்த வழக்கறிஞர்கள் இந்த மூன்று வரியைச் சேர்ப்பதற்கு அரை நாள்கூட ஆகாது.