தங்க ஓலையும் தரங்கம்பாடிக் குத்தகையும்

தரங்கம்பாடிக்குப் போனால் டேனிஷ் கோட்டை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, 'வெள்ளைக்காரன் பிடித்த ஊர்' என்று சொல்லிவிட்டு வருகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் டேனியர்கள் அதைப் பிடிக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள்.

அதுவும் எந்த நிலைமையில்! அவர்கள் கிளம்பியது இலங்கைக்கு. கண்டி அரசர் செனரத் சார்பில் பேசுவதாகச் சொல்லி, போஷௌவர் என்ற டச்சுக்காரர் 1618இல் கோபன்ஹேகனில் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனோடு ஒப்பந்தமே போட்டுவிட்டார். அதை நம்பி, 24 வயதுகூட நிரம்பாத ஓவே கெத்த தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. போஷௌவர் வழியிலேயே செத்துப்போனார். ஒன்றரை வருடம் கடலில் அல்லாடி இலங்கைக்கு வந்து சேர்ந்தால், அந்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாது என்று செனரத் கையை விரித்துவிட்டார்.

அவர்களுக்கு முன்பே வந்த ஒரு டேனிஷ் கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர்கள் அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்தார். அப்புறம்தான் தஞ்சாவூர் அரசர் ரகுநாத நாயக்கரோடு பேச்சு. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது: கடற்கரையில் இடம், கோட்டை கட்ட அனுமதி, தங்கள் மதத்தைப் பின்பற்ற உரிமை. பதிலுக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம்.

நாயக்கர் தாராள மனசில் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சரக்கு வாங்க இன்னொரு ஆளும் வந்தால் யாருக்கு லாபம்? கணக்குத் தெரிந்த நிலக்காரர் அவர். (அந்த மணலில் வலை காயப்போட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு.)

டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பனையோலை மாதிரி நீண்ட தங்கத் தகடு. எழுத்து தமிழ், கையெழுத்து தெலுங்கு. பயந்துபோய் இடம் கொடுத்தவர் எழுதிய கடிதம் மாதிரியா இருக்கிறது?

குடிவந்தவர்கள் பாடு அதற்குப் பிறகும் திண்டாட்டம்தான். 1639க்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட கிளம்பவில்லை.

1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வங்காளத்து செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய். 'குத்தகைக்கு எடுத்த இடத்தை விற்க நீ யார்?' என்று கேட்க தஞ்சாவூரில் அதிகாரத்தோடு ஒருவரும் இல்லை. அந்த ராஜ்ஜியமே 1799இலிருந்து கம்பெனியின் கையில்.