பால் கவரைக் கழுவத் தெரிந்த நமக்கு

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வரும் அக்கா எங்கள் குடியிருப்பு வாசலில் இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வாய் அவிழ்ந்த கறுப்புப் பை. ரசம் ஊறிய சோறு, வெண்டைக்காய்க் காம்பு, தேங்காய் நார், நடுவில் உடைந்த கண்ணாடி டம்ளர். கையுறை போட்டுத்தான் இருந்தார். ஆள்காட்டி விரல் பக்கம் அது முன்பே கிழிந்திருந்தது.

கை கழுவத் தண்ணீர் கேட்டார். ஒரு வீட்டிலிருந்து பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வந்தது. “பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த வாக்கியம் அன்றிலிருந்து என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். “மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரவில்லை” என்றார் ஒருவர். பலரும் தலையாட்டினார்கள். நான் இதைக் கொஞ்சமும் ஏற்கவில்லை.

நம் வீடுகளில் பால் கவர் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஓரத்தைக் கத்தரித்து, தண்ணீர் விட்டு அலசி, சன்னல் கம்பியில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறோம். செய்தித்தாள் தனிக்கட்டு. பிள்ளைகளின் பழைய நோட்டு தனி. அட்டைப்பெட்டி தனி. இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக் பக்கெட் எல்லாம் தனித்தனி. பழைய பேப்பர் கடைக்காரர் வந்தால் தராசின் முள்ளை உற்றுப் பார்க்கிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. நாம் யாரும் சொல்லாமலே ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பிரிக்கத் தெரியாதவர்களா நாம்?

விலை இருக்கும் பொருள் கடைசிவரை நம் பொருள். விலை இல்லாதது கையை விட்டுப் போன அந்த நொடியிலேயே இன்னொருவருடைய வேலையாகிவிடுகிறது. அந்த இன்னொருவர் யார் என்பதும் நம் மனதில் முன்பே முடிவாகியிருக்கிறது. தொட்டி வாங்கித் தருவது, நோட்டீஸ் ஒட்டுவது, வண்டியில் பாட்டுப் போடுவது எதுவும் இந்த இடத்தைத் தொடவே இல்லை.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் குப்பை என்றாலே எரு. கோடையில் வயலுக்குக் குப்பை அடிப்பது என்று ஒரு வேலையே உண்டு. கொல்லையில் குழி, சாணம், சாம்பல், வைக்கோல் கழிசல், அடுப்படித் தோல் எல்லாம் அதில் விழும். அரிசி களைந்த தண்ணீர் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து மாட்டுக்குப் போகும். என் அப்பாயி ஒரு வாழைப்பழத் தோலைக்கூட வேறு எங்கும் போட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே ஊரில் செத்த மாட்டை இழுக்கவும் எடுப்புக் கக்கூஸ் அள்ளவும் ஒரே தெருவிலிருந்துதான் ஆள் வந்தார்கள். நகரத்துக்குக் குடிவந்தபோது நாம் எருக்குழியை ஊரிலேயே விட்டுவிட்டோம். மற்றதை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

சுத்தத்தில் நாம் குறைந்தவர்களே இல்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கி வெளியே தள்ளினால் லட்சுமி போய்விடுவாள் என்று நம்புகிற மக்கள் நாம். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். அந்தக் கோலத்தின் கடைசிப் புள்ளிக்கு இரண்டடி தள்ளி நேற்றைய பூமாலையும் பிளாஸ்டிக் உறையும் கிடந்தால் கண்ணில் படுவதில்லை. வாசல்வரை வீடு, அதற்கு அப்பால் கார்ப்பரேஷன். இந்த எல்லைக்கோடு நம் மனதில் அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது.

கோட்டுக்கு அப்பால் என்ன நடக்கிறது? சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. பல பத்தாண்டுகளாக வடக்கே உள்ளது கொடுங்கையூருக்கும் தெற்கே உள்ளது பெருங்குடிக்கும் போய்க் குவிந்தது. பெருங்குடி மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல். அந்தச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடி மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. காற்று புகாமல் சோறும் காய்கறியும் அழுகினால் மீத்தேன் வரும். பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும் கிடந்தால் எரிவதற்கு வேறென்ன வேண்டும்? வேளச்சேரியில் இருக்கும் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். நாங்கள் முடிச்சுப் போட்டு அனுப்பியதுதான் புகையாகத் திரும்பி வந்தது என்று அப்போது எங்கள் குடியிருப்பில் ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட. நமக்குச் சில நாள் மூச்சுத் திணறல். கொடுங்கையூரில் தலைமுறையாக அந்தக் காற்றிலேயே பிள்ளை வளர்க்கிறார்கள். அங்கே குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று அவர்கள் தெருவில் இறங்கினால், இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து “வளர்ச்சிக்குத் தடை” என்கிறோம். அந்த உலைக்குப் போகப்போவது யார் வீட்டுக் குப்பை?

“சம்பளம் கொடுக்கிறார்களே, அதற்குத்தானே ஆள் இருக்கிறார்கள்” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. தெருவைக் கூட்டுவதற்கும் குப்பையை எடுத்துப் போவதற்கும் சம்பளம். என் வீட்டுச் சோற்றுக்குள் கைவிட்டு என் வீட்டுக் கண்ணாடியைத் தேடி எடுக்க எந்தச் சம்பளமும் போதாது. சானிட்டரி நாப்கினும் அப்படித்தான். அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது என்று கறுப்பு உறைக்குள் உறை போட்டு மறைக்கிறோம். பிரிப்பவர் கையில் அது திறந்துகொள்ளுமே என்ற கூச்சம் மட்டும் வருவதில்லை. செய்தித்தாளில் சுற்றி, மேலே பேனாவால் சிவப்பாக ஒரு அடையாளம் போட அரை நிமிடம் ஆகுமா?

“பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்” என்ற கேள்வியும் வந்தது. அது நியாயமான கோபம். அந்தக் கோபத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் போய்க் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் கண்ணாடியைத் தனியாகச் சுற்றிக் கொடுத்தால் காப்பாற்றப்படும் விரல், வண்டிக்கு முன்பே காப்பாற்றப்பட்டுவிடுகிறது.

கூட்டம் முடிந்து வீடு வீடாகப் போனேன். துண்டுப்பிரசுரம் எதுவும் எடுத்துப் போகவில்லை. “பால் கவரை எங்கே வைக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். காட்டினார்கள், கொஞ்சம் பெருமையோடுகூட. அதன் பக்கத்திலேயே இன்னொரு பை மாட்டச் சொன்னேன். இரண்டாவது மாடிப் பெரியவர் மட்டும், “எங்கள் வீட்டில் குப்பையைக் கட்டுவது வேலைக்கு வரும் அம்மா. அவரிடம் சொல்லிவிட்டுப் போ, அம்மா” என்றார். தன் வீட்டுத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பல வருடங்களாகத் தெரியாது. அவர் நல்ல மனிதர். 2015 வெள்ளத்தில் எங்கள் எல்லோருக்கும் சோறு பொங்கிப் போட்டவர். அவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் படியிறங்கினேன்.

பன்னிரண்டு வீடுகளில் இன்று ஏழு வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன. மீதி ஐந்து வீடுகளுக்கு மறுபடியும் போகப்போகிறேன், பெரியவர் வீட்டுக்கும்தான்.

அக்காவின் விரலில் தழும்பு விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பையில் கண்ணாடி இருக்காது என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். சரியென்று சிரிக்கிறார். இன்று காலையும் அதைத் தூக்குவதற்கு முன்பு, வெளியிலிருந்து உள்ளங்கையால் ஒருமுறை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்.