எங்க ஊர் இட்டேரி எந்த சர்வே நம்பரில் இருக்கிறது?

போன வாரம் பார்சல் கொண்டு வந்த தம்பி மூன்று முறை போன் அடித்துவிட்டான். போனில் மேப் காட்டிய வழியிலேயே எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறான். "அண்ணா, செவுத்துக்குள்ள போகச் சொல்லுதுங்ணா" என்றான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. மேப்பில் இருப்பது எங்கள் ஊர் இட்டேரி. தரையில் அது இருந்த இடத்தில் எட்டடி உயரத்துக்கு ஒரு காம்பவுண்டு சுவர் நிற்கிறது.

கொங்குப் பக்கம் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்து, தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. வேலி பெரும்பாலும் கிளுவை. அதன் மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்கும். இடையிடையே வேம்பு, நொச்சி, ஆவாரை. தோட்டத்தில் உழுவார்கள், மருந்து அடிப்பார்கள், வெள்ளாமையை மாற்றுவார்கள். இட்டேரியை யாரும் உழுவதில்லை. அதனால் கீரி, உடும்பு, ஓணான், செம்போத்து, கவுதாரி எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. தலைமுறை தலைமுறையாக வண்டிச் சக்கரம் அறுத்து அறுத்து, பாதை இரண்டு பக்கத் தோட்டத்தையும்விடத் தாழ்ந்து கிடக்கும். மழை பெய்தால் தோட்டத்துத் தண்ணீரெல்லாம் அதில் இறங்கி, ஊர்க்குட்டைக்குப் போய்ச் சேரும். ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறேன். வெயில் காலத்தில் பாதை, மழைக் காலத்தில் வாய்க்கால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எங்கள் ஊர் கோவைக்கு வடகிழக்கே, சத்தி (சத்தியமங்கலம்) ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பேரைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே இன்னும் நாலு புரோக்கர் வந்து இறங்குவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது டவுன் என்றால் காந்திபுரம்தான். சரவணம்பட்டியும் எங்களைப் போல ஒரு ஊர், அவ்வளவுதான். 2011-ல் கோவை மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தபோது சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி எல்லாம் உள்ளே போயின. கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. இப்போது ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் தெற்குப் பக்கத்து வானம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

நகரத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்குச் சோறு போடுவதே சரவணம்பட்டியில் இருக்கும் ஒரு கம்பெனிதான். 2014-ல் தங்கச்சி கல்யாணத்துக்காக நாங்களும் ஒன்றரை ஏக்கர் விற்றோம். ஆயிரம் அடி போர் ஓட்டி, தண்ணீருக்குப் பதில் புகை வந்த பிறகு அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால் "நிலத்தை விற்காதீர்கள் விவசாயிகளே" என்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊரில் சைட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

2025 ஜனவரியில் மாநகராட்சி, நகராட்சிகளோடு பல ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பு வந்ததிலிருந்து டீக்கடையில் ஒரே பேச்சு, சேரலாமா வேண்டாமா. சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், ஏனென்றால் அது ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். வீட்டுவரி ஏறும். வருடத்துக்கு ஆறு கிராம சபை என்பதும் போகும். சேராவிட்டால் குப்பை அள்ள ஆள் இருக்காது, சாக்கடை இருக்காது, சைட்டுகளில் வந்து குடியேறியவர்களுக்குக் குடிதண்ணீர் இருக்காது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். எங்கள் ஊராட்சி இந்தச் சுற்றில் தப்பினாலும் அடுத்த சுற்றில் போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் கவலை அதுவல்ல. போகும்போது கையில் என்ன கணக்கோடு போகிறோம் என்பதுதான் கவலை. ஊருக்குப் பொதுவாக என்னென்ன இருந்தது, எத்தனை அடி அகலம், எந்த சர்வே நம்பர் என்று ஒரு பட்டியல்கூட இல்லாமல் போகப் போகிறோம்.

இட்டேரி எப்படிக் காணாமல் போனது என்று சொல்கிறேன். ஒரே ராத்திரியில் யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. எங்கள் கண் முன்னால்தான் நடந்தது.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, பேரில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், ஆட்களும் கால்நடைகளும் வண்டிகளும் போகவர மாமூல் வண்டித்தடப் பாத்தியம் சகிதம் என்று எழுதியிருக்கும். வழக்கமான வண்டித்தடத்தில் போகவர உரிமையும் சேர்த்து என்று அர்த்தம். கொங்குப் பக்கம் பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள், அநேகமாக இந்த வரி இருக்கும். எங்கள் இட்டேரியில் பாதி, அரசுக் கணக்கில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. மீதிப் பாதிக்கு அப்படித் தனி நம்பர் எதுவும் இல்லை. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. அக்கம்பக்கத்துக்காரர்கள் ஆளுக்கு ஆறடி விட்டுக்கொடுத்து, பத்திரத்தில் ஒரு வரி எழுதிக் காப்பாற்றி வந்த தடம் அது.

முதலில் ஒரு பக்கத்துத் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர் ஜேசிபி கொண்டு வந்து வேலியைப் பிடுங்கினார். "பாம்பு இருக்குதுங்க, சுத்தம் பண்ணித் தர்றம்" என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்க வேலி போனதும் இட்டேரி எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. அடுத்த வருடம் எதிர்ப் பக்கம் விற்றது. அதை விற்றவர்கள் நாங்கள். பள்ளமாகக் கிடந்த தடத்தில் மண்ணைக் கொட்டி மட்டம் செய்தார்கள். "உங்களுக்குத்தான் முப்பதடி ரோடு வருதுங்களே, இந்த முள்ளுச் சந்து எதுக்கு?" என்று கேட்டார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் நிலத்தை விற்ற பத்திரத்தை இப்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் வண்டித்தடப் பாத்தியம் என்ற வரியே இல்லை. எழுதியவர் விட்டுவிட்டார், நாங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அந்தக் காலத்தில் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டு வைத்தாலே சைட் விற்றுப் போகும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. புரோக்கர்கள் எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவு என்றால் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். சைட் வாங்கிய பாவப்பட்டவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மனை முறையானதோடு சரி. அதற்கு அடியில் போன தடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோவை நகரத்தையே 1994-ல் ஒப்புதல் கொடுத்த மாஸ்டர் பிளானை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டினார்கள். 2041-க்கான வரைவு 2024-ல்தான் வந்தது. நடுவில் எங்கள் ஊரைத் திட்டமிட்டது யார் என்றால், சைட் போட்டவர்கள்தான்.

கடைசியாக வந்தது காம்பவுண்டு சுவரும் கேட்டும். இப்போது எங்கள் மேற்குத் தோட்டத்துக்கு அந்தக் கேட் வழியாகத்தான் போக வேண்டும். வாட்ச்மேன் வடக்கிலிருந்து வந்த பையன், நல்ல பையன். முதல் நாள் நோட்டை நீட்டினான். பேர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் "எருமை" என்று எழுதினேன். அன்றைக்குக் கறவைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இதே தடத்தில்தான் அப்பாரு 1972-ல் வண்டி ஓட்டிப் போனார். மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் கட்டை வண்டிகளைக் கொண்டு போய்க் கோவைத் தெருக்களை அடைத்த வருடம் அது. முன்னால் நின்றவர் வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு, எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். இட்டேரியில் வரிசையாக வண்டி போய்ச் சத்தி ரோட்டில் ஏறியதை அப்பாரு சொல்லும்போதெல்லாம் வண்டியின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

சரி, குட்டைக் கதைக்கு வருகிறேன். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்காக எங்கள் பக்கம் அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் அது திறந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யை மேட்டுக்குப் பம்ப் செய்து, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டு வருகிறார்கள். எங்கள் குட்டையும் அதில் ஒன்று. குழாயில் தண்ணீர் விழுந்த அன்றைக்கு ஊரே போய் நின்றது. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அதே வருடம் ஐப்பசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலேயே பெய்த மழை குட்டைக்கு வரவில்லை. வர வழி இல்லை. தாழ்ந்து கிடந்த இட்டேரியை மட்டம் செய்தாகிவிட்டதே. தண்ணீர் போய்ச் சைட்டில் நின்றது. எதிர் வீட்டு டீச்சர் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அவர்கள் பல வருடம் வாடகை வீட்டில் இருந்து, பேங்க் கடன் வாங்கி மூன்றரை சென்ட்டில் வீடு கட்டியவர்கள். "இந்த ஊர்ல டிரெய்னேஜே இல்லீங்களே" என்று என்னிடம் வருத்தப்பட்டார். டிரெய்னேஜ் இருந்தது டீச்சர், அதன் மேல்தான் உங்கள் ஹால் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதை விற்றவர்களில் ஒருவன் வேறு நான். பவானித் தண்ணீரைக் கரண்டு செலவழித்து மேட்டுக்கு ஏற்றிக் குட்டையில் விடுகிறோம், தன்னால் இறங்கி வருகிற மழைத்தண்ணீரை மோட்டார் வைத்து ரோட்டில் இறைக்கிறோம்.

இட்டேரி சொர்க்கம் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். மிச்சம் இருக்கிற இடத்தில் கோழிக்கடைக் கழிவைக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். சாயங்காலம் ஆனால் பாட்டில் உடைகிற சத்தம் கேட்கும். பொம்பளைப் பிள்ளைகள் அந்த வழியில் நடக்கப் பயப்படுகிறார்கள். அதை அப்படியே பழைய மாதிரி வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓரமாக நடைபாதை போடட்டும், விளக்குப் போடட்டும், பாலம் வேண்டிய இடத்தில் பாலம் கட்டட்டும். நான் கேட்பது, அகலமும் பள்ளமும் அப்படியே இருக்க வேண்டும், அது பொது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஊராட்சியை மாநகராட்சியில் சேர்க்கும் முன்பே வண்டிப்பாதை, ஓடை, குட்டை, மேய்ச்சல் புறம்போக்கு, மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் எல்லாவற்றையும் அளந்து, கல் நட்டு, கிராம சபையில் வாசிக்கட்டும். வரியைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

போன அக்டோபர் கிராம சபையில் இதைத்தான் எழுந்து கேட்டேன். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மனுவாக் குடுத்துருங்க" என்றார் ஒருவர். கொடுத்தேன். அளக்கப் பணமும் கட்டியாகிவிட்டது. பட்டா சிட்டா பார்க்கிற அரசு இணையதளத்தில், எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டைத் திறந்து எங்கள் ஊரின் நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, வண்டிப்பாதை என்று வருகிற நம்பர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நகரத்து ஓரத்தில் ஊர் இருக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

சர்வேயர் எப்போது வருவார் என்று இன்னும் சொல்லவில்லை. வந்தால் எங்கிருந்து சங்கிலி பிடிப்பார், பழைய சர்வே கல் ஒன்றாவது மிச்சம் இருக்குமா என்று நேற்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். இட்டேரி முக்கில் ஒரு கல் இருந்ததாக எனக்கு ஞாபகம். பள்ளிக்கூடம் போகும்போது அதன் மேல் ஏறி நின்று கோவைப்பழம் பறிப்போம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கட்டுத்தரைப் பக்கம் கை காட்டினார். கன்றுக்குட்டியைக் கட்டியிருந்த கல். சாணியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், தலையில் கொத்தின குறி இருந்தது.

"ஜேசிபி ஓட்டும்போது பொறட்டிப் போட்டுக் கெடந்துச்சு கண்ணு. நல்ல கல்லா இருக்குதேன்னு எடுத்தாந்து நட்டுட்டேன்" என்றார்.