நாமினி வேறு, வாரிசு வேறு

வங்கிக் கணக்கில் நாமினியாக (கணக்கு வைத்திருப்பவர் தமக்குப் பின் பணத்தைப் பெற நியமித்தவராக) இருப்பவருக்கே பணம் முழுவதும் சொந்தம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அந்த வரியைத் திருத்த வேண்டுகிறேன். வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே நாமினிக்கு உண்டு என்பதையும், அந்தப் பணம் வாரிசுரிமைச் சட்டப்படியே பங்கிடப்பட வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் தெளிவுபடுத்தியது; நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023இல் உறுதிசெய்தது. (ஆயுள் காப்பீட்டில், 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலை வேறு.)

எங்கள் அப்பா உயில் எழுதாமல் காலமானார். வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் அம்மா, அண்ணன், நான் என மூன்று பெயர்களையே எழுதியிருந்தோம். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர், திண்ணையில் சுவரோரம் சாய்ந்திருந்த அப்பத்தாவைப் பார்த்து, "இவங்க இறந்தவரோட அம்மாவா?" என்று கேட்ட பிறகுதான், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதும், அவருக்கும் எங்களுக்குச் சமமான பங்கு உண்டு என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. மகனைப் பறிகொடுத்து நின்றவரையே கணக்கில் எடுக்காமல் விட்டோமே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அதைக் கண்ட இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டால் அது செல்லும். ஆயினும், பின்னாளில் கையெழுத்தையே மறுப்பவர்கள் உண்டு என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது நல்லது என்றே கருதுகிறேன்.