புது ரெக்கார்டு தாவுகிறதா? கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் ஊசியின் எடையைப் பாருங்கள்

சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவரை "கீறல் விழுந்த ரெக்கார்டு" என்கிறோம். அந்தப் பேச்சு மனதில் ஊறிப்போனதாலோ என்னவோ, பாட்டு தாவினாலே தட்டில்தான் கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் 2,800 ரூபாய்க்கு ஒரு புது எல்பி ரெக்கார்டு வாங்கினேன். முதல் பக்கம், இரண்டாவது பாட்டு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து இறங்கும் இடத்தில் ஊசி குதித்து நாலு வரி தள்ளி விழுந்தது. மறுபடி வைத்தேன், அதே இடம். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால், மாற்றி வாங்கிய தட்டும் அதே இடத்தில் தாவியது.

ஒரே அச்சில் வந்த தட்டுகள் என்பதால் அச்சிலேயே பழுது இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் தட்டை நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவருடைய டர்ன்டேபிளில் அந்தப் பாட்டு முழுக்க ஒரு பிசிறில்லாமல் ஓடியது. அவரிடம் ஊசியின் எடையை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் பாரத்தை, அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தது. அதை வாங்கி வந்து என் ஊசியை இறக்கினேன். 1.2 கிராம் காட்டியது. என்னுடையது ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னத் தலைப்பகுதி). அதற்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை வேண்டும், சரியான அளவு 2.

எங்கே தப்பு நடந்தது என்றால், ஊசியைத் தாங்கும் டர்ன்டேபிள் கையின் பின்பக்கம் இருக்கும் எடையை முதலில் திருகி, கையைத் தராசுக் கோல் போல மட்டமாக மிதக்க விட வேண்டும். அந்த நிலையில் எடையோடு சேர்ந்திருக்கும் எண் வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவர வேண்டும். அதன்பிறகுதான் எடையையும் வளையத்தையும் சேர்த்து 2 வரை திருக வேண்டும். நான் மிதக்க விடாமலேயே 2-ல் வைத்துவிட்டேன். எண் 2 என்று சொன்னது, ஊசி 1.2-ல் நின்றது.

பேஸ் வரும் இடத்தில் மட்டும் ஏன் தாவியது? தாழ்ந்த சுருதிக்குத்தான் ஊசி ஓடும் பள்ளம் அகலமாக வளைந்து வளைந்து போகும். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து வெட்டி, கேட்கும்போது ரெக்கார்டுக்கென்றே உள்ள போனோ ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படியும் பலமான அடி வரும்போது ஊசிக்குப் பள்ளத்தில் உட்காரும் பாரம் போதாவிட்டால் வெளியே எகிறிவிடும். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். நான் இதை மறுக்கிறேன். பாரம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் மோதி மோதித்தான் ஓடும். தட்டைக் கெடுப்பது அந்த மோதல்தான்.

அதற்காக, அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்தது போல ஊசித் தலையில் காசு வைக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயமே மூன்று கிராமுக்கு மேல். 2 கிராம் கேட்கும் ஊசிமேல் இன்னும் 3 கிராம் ஏற்றினால் தாவுவது நிற்கும், தட்டும் ஊசியும் தேயும்.

எடை சரியான பிறகும் தாவினால், எந்தப் பக்கம் தாவுகிறது என்று கவனியுங்கள். தட்டு சுழலும்போது கையைத் தானாகவே நடுப்பக்கம் இழுக்கும் விசை ஒன்று உண்டு. அதைச் சமன் செய்வதுதான் டர்ன்டேபிளில் இருக்கும் ஆன்டி ஸ்கேட் என்ற அமைப்பு. பொதுவாக ஊசி எடையின் எண்ணையே அதற்கும் வைத்தால் போதும். அது 0-ல் கிடந்தால் ஊசி உள்பக்கமாக நழுவும். அப்படியில்லாமல் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அங்கே பெரும்பாலும் குப்பை இருக்கும். புதுத் தட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். காகித உறையின் துகள் ஒட்டிக்கொண்டே வரும். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போடுங்கள். அப்புறம், மேசை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் நடந்தால் அதிரும் மரத் தளத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நம் சிமென்ட் தரையில் அது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே பலகையில் வைப்பதுதான் நம் வீடுகளில் நான் பார்க்கும் தப்பு.

உண்மையிலேயே வளைந்த தட்டும், மோசமாக அச்சான தட்டும் வரத்தான் செய்கின்றன. அவற்றைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் வேறொரு டர்ன்டேபிளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். சின்னக் கடை நடத்துபவருக்கு ஒவ்வொரு திருப்பலும் கைநஷ்டம். டர்ன்டேபிள் விற்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அந்தத் தராசை பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுங்கள். பல்லாயிரம் ரூபாய் பொருளோடு அதையும் சேர்ப்பது பெரிய செலவில்லை.

தராசு தனியாக வாங்குபவர்கள், ஊசியை இறக்கும் பகுதி இரும்பில் உள்ளதை வாங்க வேண்டாம். கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருப்பதால் அளவு தப்பாகக் காட்டும்.

நான் மாற்றி வாங்கிய தட்டு இப்போது 2 கிராமில் முதல் பக்கம் முழுக்க ஓடுகிறது. மறுநாளே கடைக்குப் போய், முதல் தட்டில் குறையில்லை, அதை விற்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.